மொய் நோட்டும் வரலாறுதான்: வகுப்பறையில் கற்றுக்கொண்டவை

பி.ஏ. வரலாறு முதலாண்டில், அந்தப் பாடத்தையே விரும்பிக் கேட்டு வந்து சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பி.காம். கேட்டுக் கிடைக்காதவர்கள், அறிவியல் பாடத்துக்கு மார்க் போதாதவர்கள், டி.என்.பி.எஸ்.சி. எழுத வரலாறு கைகொடுக்கும் என்று அண்ணன் சொல்லி வந்தவர்கள், பஸ் பாஸில் போய்வர முடிகிற ஒரே கல்லூரி என்று வந்தவர்கள், இவர்களால்தான் வகுப்பு நிறையும். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் 30 வருடங்களுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றிருக்கிறேன். மாறுதலில் ஊர் மாறினாலும் இந்த வகுப்பு மாறவில்லை. பலர் அவரவர் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். பாடத்தைச் சொன்னால் ஒழுங்காக எழுதிக்கொள்வார்கள். கேள்வி மட்டும் கேட்க மாட்டார்கள். அவர்களைக் கேள்வி கேட்க வைக்க என்னென்ன செய்தேன், எது பலித்தது என்று எழுதிவைத்தால், இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

என் அனுபவத்தில் பலித்த வழி ஒன்றுதான். ஏதாவது ஒரு மூலச் சான்றை முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். மன்னர், வம்சம், காரணம், விளைவு எல்லாம் அப்புறம்.

முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்க மாட்டேன். "உங்க வீட்டுல இருக்கிறதிலேயே பழைய காகிதம் எதுவோ, பெரியவங்ககிட்டக் கேட்டுட்டு எடுத்துட்டு வாங்க" என்பேன். "எங்க வீட்டுல அப்படி எதுவும் இல்ல மேடம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நாள் பொறுத்தால் ஒவ்வொன்றாக வரும். பாட்டனார் பெயரில் எழுதிய கிரயப் பத்திரம், அடமானக் கடன் சீட்டு, கிழிந்த ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மலேசியாவிலிருந்து வந்த கடிதம், காலாவதியான பாஸ்போர்ட். செல்போன் வந்த பிறகு, படம் எடுத்து வந்தால் போதும் என்று மாற்றிக்கொண்டேன். அசல் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதுதான் நல்லது. பத்திரம் தொலைந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது வழக்கு, வம்பு எல்லாம் ஆகிவிடும்.

ஒரு வருடம் ஒரு பையன் தன் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டைக் கொண்டு வந்தான். ஒல்லியான நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள் தடவிய கறை. உள்ளே ஊர், பெயர், தொகை என்று கட்டம் கட்டமாக மைப்பேனாவில் எழுதியிருந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். நடுவில் சிலர் பெயருக்கு நேரே தொகைக்குப் பதிலாக அரிசி, பித்தளைக் குடம். இரண்டு வகுப்பு நேரம் முழுக்க அந்த நோட்டிலேயே போனது. ஊர்ப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். பெரும்பாலும் ஒரே ஆற்றின் இரு கரையில் இருந்த ஊர்கள். பஸ் வராத காலத்தில் சம்பந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது வரைபடத்தில் தெரிந்தது. பணம் கொடுத்தவர் யார், பொருள் கொடுத்தவர் யார் என்று பிரித்தோம். கூலி வேலைக்குப் போனவர்கள் யாரும் பொருள் கொடுக்கவில்லை, வீட்டில் நெல் இருந்தவர்கள்தான் அரிசி கொடுத்திருந்தார்கள் என்று அந்தப் பையனே வீட்டில் விசாரித்து வந்து சொன்னான்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இதுல பொம்பளைங்க பேரே இல்லையே மேடம்? அத்தை, சித்தி எல்லாம் வந்திருப்பாங்கள்ல?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வரலாற்று வகுப்பு நடக்கிறது. அன்றைக்கு நாலு கேள்விகளைப் பலகையில் எழுதினேன். இதை எழுதியது யார்? யாருக்காக எழுதினார்கள்? எவ்வளவோ காகிதம் அழிந்துபோக இது மட்டும் ஏன் மிஞ்சியது? இதில் யார் பெயர் இல்லை? மூன்றாவது கேள்விக்கு வகுப்பே பதில் சொன்னது. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைவிடக் குறையாமல் செய்ய முடியும். அதனால் நோட்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஒருவருடைய உரிமையோ கடனோ அதில் அடங்கியிருந்தால் ஆவணம் மிஞ்சுகிறது. இதை மொய் நோட்டில் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு, சோழர் காலக் கோயில் சுவர்களில் ஏன் இத்தனை நிலக் கொடையும் விளக்குக் கொடையும் வெட்டப்பட்டிருக்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த நாலு கேள்விகளையே மூன்று வருடமும் வைத்துக்கொண்டேன். வேறு எந்தப் பாடத்திட்டமும் எனக்கு அவ்வளவு தூரம் உதவவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் பாடத்துக்கு வருகிறேன். ராஜராஜன், 1010, விமானத்தின் உயரம் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு சும்மா இருப்பார்கள். நான் விளக்குக் கொடையில் தொடங்குவேன். அங்கே ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, எரிய 96 ஆடு. இடையர் அந்த ஆடுகளைப் பொறுப்பேற்றுக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆட்டுக்குப் பதில் பசுவாகக் கொடுத்தால் 48, எருமையாகக் கொடுத்தால் 16. அதாவது ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை ஆறு ஆட்டுக்குச் சமம். இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, "கணக்குப் போடுங்க" என்று உட்கார்ந்துவிடுவேன். நாலு உழக்கு ஒரு நாழி. வருடத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழிக்குக் கொஞ்சம் கூட. 96 ஆட்டுக்கு வகுத்தால் ஓர் ஆடு வருடத்தில் ஒரு நாழிக்குச் சற்றுக் குறைவான நெய்க்குப் பொறுப்பு. வரலாற்று வகுப்பில் கணக்கா என்று முகம் சுளித்தவர்கள்கூட இதைப் போட்டு முடித்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சொல்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது என்று ஒரு வகுப்பில் சிரித்தார்கள். வருடக் கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண் அப்போது எழுந்தாள். அவள் வீட்டில் ஆடு மேய்ப்பவர்கள். "எங்கப்பா பட்டியில எண்ணிக்கையைக் குறைய விடமாட்டாரு மேடம். கிழடானதை வித்துட்டுப் பெட்டைக் குட்டியை நிறுத்திக்குவாரு. கிடாய்க் குட்டியெல்லாம் விலைக்குப் போயிரும். என் சின்ன வயசுல இருந்த ஆடு ஒண்ணுகூட இப்ப இல்ல, ஆனா பட்டி அப்படியேதான் இருக்கு" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும் அவளைத் தொடர்ந்து பேசச் சொன்னேன். வயலில் கிடை போட்டால் நெல் கிடைக்கும், உரத்துக்காக ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள், ஆட்டம்மை வந்தால் ஒரே மாதத்தில் பட்டி பாதியாகும் என்று சொல்லிக்கொண்டே போனாள். வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் நெய்யாகக் கோயிலுக்குப் போகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். அப்புறம் ஒருவன் கேட்டான்: "அம்மை வந்து ஆடு செத்தாலும் நெய் அளக்கணுமா மேடம்?" எண்ணிக்கை மாறாது என்பதுதான் ஒப்பந்தம். ஆடு செத்தால் நஷ்டம் இடையருக்கு. கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கிறது, விளக்கும் எரிகிறது, பொறுப்பு முழுவதும் மேய்ப்பவர் தலையில். சோழர் காலப் பொருளாதாரத்தைப் பற்றி நான் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இளம் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு விஷயம் சொல்வேன். உங்கள் வகுப்பில் யார் வீட்டில் என்ன தொழில் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக, அவர்கள் கூச்சப்படாத விதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெசவு, மண்பாண்டம், மீன்பிடி, ஏரிப் பாசனம், கல் தச்சு என்று வீட்டறிவு உள்ள பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். பாடத்தில் அந்த இடம் வரும்போது அவர்களைப் பேச வைத்தால் போதும். ஆனால் ஒருபோதும் பெயரைச் சொல்லி, "நீதான் அந்த வீட்டுப் பிள்ளையாச்சே, சொல்லு" என்று எழுப்பக் கூடாது. அவர்களாக எழ வேண்டும். எழுகிற மாதிரிக் கேள்வியைப் போடுவதுதான் நம் வேலை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு வேறொரு வழி வைத்திருந்தேன். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறை என்றதும், உலகத்துக்கே ஜனநாயகத்தைச் சொல்லிக்கொடுத்தோம் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய அந்த விதிகள் பெருமைப்பட வேண்டியவைதான். வாரியம் என்ற ஊர்க் குழுவில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது என்று எழுதிவைத்த ஊர் அது. ஆனால் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பாடம் பாதிதான் முடிந்திருக்கும். அதனால் வகுப்பில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். ஒவ்வொரு தகுதியாக வாசிப்பேன். வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அந்தக் கால நில அளவு) மேல் இல்லாதவர்கள் உட்காருங்கள். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்காதவர்கள் உட்காருங்கள். 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்றதுமே மாணவர் அத்தனை பேரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். பெண்கள் உட்காருங்கள். வேதம் படிக்காதவர்கள் உட்காருங்கள். யாரும் மிஞ்ச மாட்டார்கள், நான் உட்பட. அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின் சபை. அந்த ஊரிலேயே உழுதவர்களுக்கும் அந்தக் குடத்துக்கும் சம்பந்தம் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அதே கல்வெட்டைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். அப்போதும் கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதி நல்ல விதியாகவே இருக்கும். இரண்டையும் ஒரே விடையில் எழுதப் பழக்குவதுதான் முக்கியம்.

களப்பயணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் அது சுற்றுலாவாகவே முடிந்துவிடுகிறது. கல்வெட்டு பார்க்கப் போவதானால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவர் முன்னால் நிற்க வேண்டும். உச்சிவெயிலில் எழுத்து ஒன்றுமே தெரியாது. வெயில் விழாத பக்கத்துக்கு ஒரு டார்ச் எடுத்துப் போய், சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தால் வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணாம்புத் தூள், விபூதி, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்க விடக் கூடாது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சான பாடத்தைப் போகும் முன்பே நகலெடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அச்சில் இருப்பதைச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்கும்போதுதான் உற்சாகம் வரும். தஞ்சைச் சுவரில் "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்ற வரியைத் தானே விரல் நீட்டிப் படித்த பிள்ளைக்கு ராஜராஜன், அவன் அக்கா குந்தவை எல்லாம் நிஜ மனிதர்களாகிவிடுவார்கள். நாலு பேருக்கு ஒரு சுவர்ப் பகுதி என்று பிரித்துக் கொடுத்தால் யாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று. மாணவிகளை அழைத்துப் போகும்போது கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், தயங்குகிற அம்மாவிடம் நேரில் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பெண்ணையும் அனுப்பிவிடுவார்கள். படிப்புச் சம்பந்தமாக அந்த ஊருக்கு வெளியே அவள் போகும் முதல் பயணமாகக்கூட அது இருக்கும்.

தஞ்சைக்குப் போகும்போதெல்லாம் ஒரு வரலாற்று ஆசிரியரைப் பற்றிச் சொல்வேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ்.கே.கோவிந்தசாமி 1931இல் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். பல நூற்றாண்டுகளாக அங்கேயே இருந்தது. உதிர்ந்த காரையை நின்று கவனித்தவர் கண்ணுக்குப் பட்டது. ஆசிரியர் வேலை என்றால் வகுப்புக்குள் மட்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

சாதி விஷயத்தைத் தொடாமல் தமிழ்நாட்டில் வரலாறு நடத்த முடியாது. "ராஜராஜன் எங்க ஆளு மேடம்" என்று ஒருவன் சொல்வான், உடனே இன்னொருவன் எழுவான். வாதம் வீதிக்குப் போகும். சக ஆசிரியர்கள் பலர் அந்தப் பேச்சையே எடுக்காமல் தப்பித்துவிடுவார்கள். நான் சான்றை எடுத்து வைப்பேன். பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியலில், வரி விதிக்காமல் கழித்த நிலங்கள் வரிசையாக இருக்கின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. இதை மெதுவாக ஒருமுறை வாசிப்பேன், விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பே சேரி தனி, சுடுகாடு தனி. மன்னன் யாருடைய ஆள் என்ற சண்டை அதற்கு மேல் போகாது. வகுப்பில் அந்தச் சேரியிலிருந்து வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் என்பதால், இதை நடத்தும் நாளில் குரலிலும் சொல்லிலும் மிகுந்த கவனம் வேண்டும். யாரையும் பார்த்துப் பேசக் கூடாது. யாருடைய கருத்தையும் கேட்டு நிறுத்தக் கூடாது. வகுப்பு முடிந்த பிறகு ஒருமுறை ஒரு மாணவன் வந்து, "இது புத்தகத்துல ஏன் மேடம் இல்ல?" என்று மட்டும் கேட்டான். பிற்காலத்தில் அவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு ஊர்ச் சுடுகாட்டுப் பாதை வழக்குகள்.

பரீட்சை. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மார்க் வேண்டும், வேலை வேண்டும். கைடு படிக்காதே என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. நூலகத்தில் வேறு புத்தகம் தமிழில் இருக்காது. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் வருடாவருடம் ஒரே விடையை ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன்: வேலூர்ப் புரட்சிக்குக் காரணங்கள் ஐந்து, விளைவுகள் நாலு, புள்ளி பிசகாமல். என் மாணவர்களுக்கு அதையே கொஞ்சம் மாற்றிப் பழக்கினேன். 1806 ஜூலை 10 என்ற நாளை நடுவில் எழுதுவோம். அதற்கு முன்னால் நடந்ததை இடப்பக்கமும் பின்னால் நடந்ததை வலப்பக்கமும் வரிசையாக எழுதுவோம். 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. தளபதி கிரடாக் காலத்து உத்தரவுகள் நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்தன, புதிய தலைப்பாகையைத் திணித்தன. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி குதிரையில் ஆற்காட்டுக்குப் போய்ச் செய்தி சொன்னார். அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையே வந்து சேர்ந்தார். மறு வருடம் ஆளுநர் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார். இப்படி வரிசை மனதில் இருந்தால் ஐந்து காரணத்தையும் மனப்பாடம் செய்யாமலே எழுதலாம். ஆற்காடு அவ்வளவு பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தானாகவே யோசனையும் வரும். போட்டித் தேர்வுக்குப் போனவர்கள், இந்த வரிசை முறைதான் மெயின் தேர்வில் உதவியது என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழ்வழி மாணவர்களின் தாழ்வு மனப்பான்மையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராது, அதனால் ஆராய்ச்சி நமக்கில்லை என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். சோழர் கல்வெட்டின் மூலம் தமிழில் இருக்கிறது. சதாசிவ பண்டாரத்தார் சோழர் வரலாற்றை முழுவதுமாகத் தமிழிலேயே எழுதியவர். நொபொரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு இந்தக் கல்வெட்டுகளில் ஆயுள் முழுக்க உழைத்தார். பிறந்ததிலிருந்து இந்த மொழியில் பேசுகிற பிள்ளைக்கு அந்தச் சுவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் முகமே மாறும். ஆங்கிலத்தை அப்புறம் அவசியத்துக்குக் கற்றுக்கொள்வார்கள், கற்றுக்கொண்டார்கள்.

1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தை நடத்தும் நாளில் ஒரு தராசும் அரிசியும் வகுப்புக்குக் கொண்டுபோவேன். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதை அளந்து ஒரு தாளில் கொட்டி மேஜையில் வைப்பேன். சனி, ஞாயிறில் சென்ட்ரிங் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிற மாணவர்கள் கிட்டே வந்து பார்ப்பார்கள். நாள் முழுக்க மண் வெட்டிவிட்டு இதை மட்டும் சாப்பிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவு உயிர் காக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஆட்சிக்குள்ளேயே ஒருவர் எதிர்த்தார் என்பது தெரிந்தால்தான், தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இறுதியாண்டில் வாய்மொழி வரலாறு செய்ய வைப்பேன். வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். இதில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது வருடம் கேட்காமல் இருப்பது. "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "உங்க மூத்த பையன் பிறந்தாச்சா அப்ப?", "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?", "அண்ணா இறந்தப்ப எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று கேட்க வேண்டும். புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, காமராஜர் மறைவு 1975 அக்டோபர். இந்த மூன்று நாலு கம்பங்களை நட்டுவிட்டால் மீதியைப் பேசுகிறவரே கட்டிவிடுவார். பாத்திரம் தேய்த்துக்கொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ இருக்கும் நேரத்தில் பேசச் சொல்வேன். ரெக்கார்டரை நீட்டி உட்கார வைத்தால் பாட்டிகள் அதிகாரி வந்த மாதிரிப் பேசுவார்கள். அனுமதி கேட்காமல் பதிவு செய்யக் கூடாது. எதையாவது வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அசைன்மென்டில் வரக் கூடாது, மார்க் போனாலும் பரவாயில்லை.

அப்படி ஒரு மாணவி தன் பாட்டியிடம் பேசி எழுதி வந்தாள். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964 அக்டோபரில் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பாடத்தில் அது ஒரு வரி. பாட்டி சொன்னதில் கப்பலுக்கு முன்னால் தன் அக்காவை விட்டுப் பிரிந்தது, கடல் தாண்டியதும் கையில் கொடுத்த குடும்ப அட்டை, வந்த இடத்தில் "சிலோன்காரி" என்று அழைத்த தெருக்காரர்கள், எல்லாம் இருந்தன. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்த பேத்திக்கு இதில் பாதி அன்றுவரை தெரியாது. "கேட்டதே இல்ல மேடம், அதான் சொல்லல போல" என்றாள். அந்தக் கட்டுரையில் எழுத்துப்பிழை நிறைய இருந்தது. நான் நடத்திய காலத்தில் படித்ததிலேயே சிறந்த கட்டுரை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எம்.ஏ., எம்.பில். மாணவர்களை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும்போது ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன். கோப்பைத் திறந்ததும் படிக்கத் தொடங்காமல், துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அற்புதமான தகவலைக் குறிப்பெடுத்து வந்து, எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் அத்தியாயத்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், கடைசி உத்தரவை மட்டும் படித்துவிட்டு மூடக் கூடாது. அதற்கு முன்னால் இருக்கும் மனுக்களில்தான் சாதாரண ஆட்களின் குரல் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் போன் செய்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், சப் இன்ஸ்பெக்டர், பேக்கரி வைத்திருப்பவர் என்று பல திசையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு கல்லின் படம் வரும். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மஞ்சளோ பெயின்டோ பூச விடாதீர்கள். சாயங்கால வெயிலில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, பகுதி பகுதியாகப் படம் எடுங்கள். கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, பக்கத்தில் ஏரியா கோயிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்தைவிட்டு நகர்த்தாமல் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள். இடம் மாறிய கல்வெட்டு பாதிச் சாட்சியத்தை இழந்துவிடுகிறது.

போன மாதம் அப்படி வந்தது ஒரு மடைக் கல். ஏரிக் கரையைச் சீர்செய்யும் வேலையில் சிமென்டுக்கு அடியில் போக இருந்ததை, அந்த ஊர் வி.ஏ.ஓ.வாக இருக்கும் என் மாணவி பார்த்துவிட்டாள். "எழுத்து இருக்கிற மாதிரித் தெரியுது மேடம், ஒப்பந்தக்காரர் அவசரப்படுறாரு, என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். படத்தில் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான ஸ்வஸ்திஸ்ரீ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மீதியைப் படிக்கத் துறையிலிருந்து ஆள் வரும்வரை அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒப்பந்தக்காரரும் சரி என்று அடுத்த மடையில் வேலையைத் தொடங்கிவிட்டார்.